பின்னுக்குப் பின்னால்

எங்க ஊர் விருத்தாசலம். ரயிலில் போகிறவர்களுக்கு அது ஜங்ஷன். கோயிலுக்கு வருகிறவர்களுக்குப் பழமலைநாதர். மத்தவங்களுக்குப் பீங்கான். உங்க வீட்டுக் கொலுவில் மூணாவது படியில் நிற்கிற குட்டி வாத்தும், கார்த்திகைக்கு ஏத்துற பளபள அகலும், பழைய வீட்டு மெயின் போர்டில் இருக்கிற வெள்ளை ஃபியூஸ் கேரியரும் எங்க ஊர்ச் சூளையில் வெந்ததா இருக்கலாம். நெய்வேலி சுரங்கம் பக்கத்திலேயே இருக்கு, களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. செராமிக் டிப்ளமோ படிக்க அரசு நிறுவனம் ஒண்ணும் ஊரிலேயே உண்டு.

ஆனா இன்னைக்குப் பேசப்போறது பொம்மையைப் பத்தி இல்லை, பின்னைப் பத்தி. சட்டையில் குத்துற பின். (பொம்மை கடைசியில் வரும், கொஞ்சம் பொறுங்க.)

போன கோடை விடுமுறைக்கு அமெரிக்காவிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. அக்கா பொண்ணுக்குப் பதினோரு வயசு. கழுத்தில் ஒரு பட்டை நாடா, அதில் இருபது முப்பது உலோக பேட்ஜ். மிக்கி, டொனால்ட், யானை, கோட்டை. "எந்தக் கட்சி மாநாட்டுக்கும்மா கிளம்பிட்டே?"ன்னு கேட்டேன். அவ சிரிக்கலை. "மாமா, இது டிரேடிங் பின். நான் வாங்கினது பாதிதான், மீதி மாத்தினது"ன்னா.

மாத்தினதுன்னு சொன்னதும் எனக்குக் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிடுச்சு.

நான் சின்னப் பையனா இருந்தப்போ சூளைகளுக்குப் பின்னாடி உடைசல் குவியல் கிடக்கும். வேகும்போது விரிசல் விட்டது, கோணிப்போனது, கலர் வழிஞ்சது எல்லாம் அங்கேதான் வந்து விழும். பள்ளிக்கூடம் விட்டதும் நாங்க அங்கே ஆஜர். பொறுக்கி எடுத்து டவுசர் பையில் போட்டுக்கிட்டு வந்தா, மறுநாள் வகுப்பில் பண்டமாற்று. காது போன குதிரைக்கு ரெண்டு ஃபியூஸ் கேரியர். முழு வாத்து (கலர் மட்டும் கோணல்) கிடைச்சா அதுக்குத் தீப்பெட்டிப் படம் பத்து. எதுக்கு என்ன விலைன்னு யாரும் எழுதி வைக்கலை, ஆனா எல்லாருக்கும் தெரியும். காசு மட்டும் கூடாது. காசு கொடுத்தா அது வியாபாரம், நாங்க செஞ்சது வேற.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

போய் வந்த இடத்துக்கு அடையாளமா ஒரு சின்ன உலோகத்தைச் சட்டையில் குத்திக்கிறது ரொம்பப் பழைய பழக்கம். இங்கிலாந்தில் கேன்டர்பரி தேவாலயத்தில் 1170-ல் தாமஸ் பெக்கெட் கொல்லப்பட்ட பிறகு அங்கே யாத்திரை போனவங்க ஈயமும் வெள்ளீயமும் கலந்த பேட்ஜ் வாங்கித் தொப்பியில் குத்திக்கிட்டுத் திரும்பினாங்க. நம்ம ஊரில் திருப்பதி போனவரை மொட்டையை வச்சுக் கண்டுபிடிக்கிற மாதிரி!

நவீன காலத்துக் கதை 1896-ல் ரெண்டு இடத்தில் தொடங்குது. அந்த வருஷம் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக். வீரர் யார், நடுவர் யார்னு தெரிய அட்டை வில்லை கொடுத்தாங்க. அதே 1896-ல் அமெரிக்காவில் செல்லுலாய்டு மூடிய வட்ட பேட்ஜுக்கு ஒரு நிறுவனம் காப்புரிமை வாங்குச்சு, அந்த வருஷ ஜனாதிபதி தேர்தலில் அது நாடு முழுக்கப் பரவுச்சு. நம்ம கட்சிக்காரங்க பையில் குத்துற தலைவர் படம், ரசிகர் மன்ற பேட்ஜ் எல்லாம் இதோட பேரன் பேத்திகள். 1949-லிருந்து டிசம்பர் 7 கொடி நாளுக்குப் பள்ளிக்கூடத்தில் காசு கொடுத்துக் குத்திக்கிட்ட குட்டிக் கொடியும் கிட்டத்தட்ட இதே ஜாதிதான்.

ஒலிம்பிக் அட்டை வில்லை பிறகு உலோகமாச்சு. வேற வேற நாட்டு வீரர்கள் பாஷை தெரியாமலே ஒருத்தருக்கொருத்தர் பின்னை மாத்திக்கிட்டாங்க. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பார்க்க வந்த பொதுஜனமும் பெரிய அளவில் இறங்குச்சு. 1988-ல் கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் கோகோ கோலா கம்பெனி பின் மாத்துறதுக்குன்னே ஒரு மையம் போட்டது. 2024 பாரிஸ் வரைக்கும் வீரர்கள் இதை விடலை.

டிஸ்னிக்காரங்க இதைக் கவனிச்சிருக்கணும். அவங்க பூங்காக்களில் பின் விற்கிறது பழைய சமாசாரம். மாத்துறதை ஒரு விளையாட்டா ஆரம்பிச்சது 1999 அக்டோபரில், புளோரிடா வால்ட் டிஸ்னி வேர்ல்டில், புத்தாயிரம் கொண்டாட்டத்தோட. அப்புறம் கலிபோர்னியா, பாரிஸ். நமக்குக் கிட்டத்தில்னா 2005-ல் திறந்த ஹாங்காங் டிஸ்னிலேண்ட். சென்னையைச் சுத்தி இருக்கிற பொழுதுபோக்குப் பூங்காக்களில் நான் பார்த்தவரை இந்த வழக்கம் இல்லை. அங்கே நாம குடும்பத்தோட நனைஞ்சு, போட்டோ எடுத்துட்டு வந்துடறோம்.

ஆட்டம் எப்படின்னு மருமகளே திண்ணையில் உட்கார வச்சுப் பாடம் எடுத்தா. பூங்கா ஊழியர்கள் கழுத்திலும் நாடா இருக்கும், அதில் பின் இருக்கும். பிடிச்சதைக் காட்டிக் கேட்கணும். அடுத்தவர் நாடாவைத் தொடக்கூடாது, அவங்களே கழட்டித் தருவாங்க. ஒண்ணுக்கு ஒண்ணு, கையோடு கை, பின்பக்க மூடியோட. பொதுவா ஒரே ஊழியரிடம் ஒரு நாளைக்கு ரெண்டு பின்தான் மாத்தலாம். பணம் கை மாறக்கூடாது. (பாருங்க, எங்க உடைசல் சட்டமேதான்!) எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி: நீங்க கொடுக்கிறது முறையான பின்னா இருந்தா, 'இது எனக்குப் பிடிச்சது, தரமாட்டேன்'னு ஊழியர் சொல்ல முடியாது.

'ஹிட்டன் மிக்கி'ன்னு ஒரு வகை உண்டு. எங்கேயாவது ஒரு மூலையில் மூணு வட்டமா மிக்கி தலை ஒளிஞ்சிருக்கும். இந்த வகையைக் கடையில் வாங்க முடியாது, மாத்தித்தான் வாங்கணும்னு வச்சாங்க. காசுக்குக் கிடைக்காத பொருளைக் காசுக்காக நடக்கிற பூங்காவிலேயே உருவாக்கினாங்களே, அது பெரிய மூளை.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அவ சொன்ன யோசனை. விலை கூடின பின்னில் ஆரம்பிக்காதீங்க. நாடாவும் நாலஞ்சு சாதாரணப் பின்னும் சேர்ந்த தொகுப்பு போதும். எல்லாத்தையும் சேர்க்கப் பார்த்தா வீடு போதாது, ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கணும். அவ பிடிச்சது யானை. மனசுக்குப் பிடிச்சதை நாடாவில் குத்தாதீங்க, யாராவது கேட்டா சங்கடம். அதை வீட்டில் வையுங்க. முக்கியமா, எந்தப் பின்னையும் வாங்கும் முன்னாடி திருப்பிப் பாருங்க.

ஏன் திருப்பணும்? நானே சூடு பட்ட கதை இது.

அவளுக்கு ஆச்சரியம் கொடுக்கலாம்னு இணையத்தில் தேடினேன். இருபத்தஞ்சு பின், மொத்தமா, கொள்ளை மலிவு. எந்தத் தளம்னு சொல்லப்போறதில்லை. பொட்டலம் வந்தது, பெருமையா நீட்டினேன். முதல் பின்னை எடுத்தா, கையில் எடை பார்த்தா, ஓரத்தை விரலால் தடவினா, திருப்பினா. ரெண்டாவதும் அப்படியே. இருபத்தஞ்சையும் பார்த்துட்டு, "மாமா, இது ஸ்கிராப்பர்"ன்னா.

நல்ல பின்னுக்குப் பின்பக்கம் டிஸ்னி உரிமை முத்திரை இருக்கும். குறைந்த எண்ணிக்கையில் அடிச்சதுன்னா எத்தனைன்னு எண்ணும் இருக்கும். பல பின்களில் பின்பக்கம் முழுக்கக் குட்டி மிக்கி தலைகளா ஒரு அச்சு ஓடும். போலிகளிலும் அது இருக்கும், ஆனா பலதில் ஓரம் வரைக்கும் போகாம நின்னுடும். எடை குறையும். ஓரம் கீறும். கலர் குழி விழுந்திருக்கும். தரம் தேறாமக் கழிச்சுப் போட வேண்டியதை ஒதுக்கி வித்தாலும், அதே மாதிரி அச்சு செஞ்சு திருட்டுத்தனமா அடிச்சாலும், சேகரிக்கிறவங்க பாஷையில் எல்லாமே ஸ்கிராப்பர். கழிவுன்னு அர்த்தம்.

"சரி விடும்மா, அங்கே போய் மாத்திடு. அவங்க என்ன திருப்பியா பார்க்கப் போறாங்க?"ன்னேன்.

"பார்க்க மாட்டாங்க மாமா. அதை வாங்கிட்டு நல்லது கொடுப்பாங்க. அப்புறம் ஒரு சின்னப் பையன் வந்து அவனோட நல்ல பின்னைக் கொடுத்துட்டு இதை வாங்கிட்டுப் போவான்."

எனக்குப் பதில் இல்லை. அந்த இருபத்தஞ்சும் இன்னும் என் மேஜை இழுப்பறையில்தான் கிடக்கு.

அன்னிக்கு ராத்திரி யோசிச்சுக்கிட்டே இருந்தேன். நாங்களும் கழிவைத்தானே மாத்தினோம்? காது போன குதிரை கழிவுதானே? ஆனா காது போனது ரெண்டு பேர் கண்ணுக்கும் தெரியும். தெரிஞ்சே மாத்தினோம். இங்கே காது இருக்கிற மாதிரி ஒட்ட வச்சுக் கொடுக்கிறாங்க. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனா மொத்த ஆட்டமும் அதில்தான் நிக்குது.

இந்த விஷயத்தில் எங்க ஊருக்கு ஒரு பழைய கதையே உண்டு. சுந்தரருக்கு இங்கே சிவபெருமான் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தார். அதை மணிமுத்தாற்றில் போட்டுட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கோன்னு உத்தரவு. 'ஆத்துல போட்டுட்டுக் குளத்துல தேடறான்'னு சொல்றோமே, அந்தக் கதைதான். எல்லாரும் மறந்துடற பகுதி ஒண்ணு இருக்கு. ஆத்தில் போடும் முன்னாடி சுந்தரர் அந்தப் பொன்னிலிருந்து ஒரு துண்டு வெட்டி மாதிரிக்கு வச்சுக்கிட்டார். அதுக்கு மச்சம்னு பேர். குளத்தில் எடுத்த பொன்னை அதோட உரைச்சுப் பார்த்தப்போ முதலில் மாற்றுக் குறைஞ்சிருந்ததாம். மறுபடி பாடின பிறகுதான் சரியாச்சு. உரைச்சுப் பார்த்ததுக்குச் சாட்சியா திருவாரூரில் மாற்றுரைத்த விநாயகரே இருக்கார். கொடுத்தது கடவுள், வாங்கினது அவரோட தோழர். அங்கேயே மச்சம் வேண்டியிருந்தது! டிஸ்னி முத்திரை எம்மாத்திரம்?

இப்ப பொம்மைக்கு வரேன்.

பின் எனாமலும் எங்க ஊர்ப் பீங்கானும் ஒண்ணுவிட்ட சொந்தம். அசல் எனாமல்ங்கிறது உலோகத்தில் கம்பியால் பாத்தி கட்டி, கலர் கண்ணாடித் தூளை நிரப்பி, 800 டிகிரி வாக்கில் சூளையில் உருக்குறது. ஜெய்ப்பூர் மீனாகாரி நகையும் இதே குடும்பம். பொம்மை மேலே பளபளக்கிற கிளேஸும் கண்ணாடிதான். (இன்னைக்கு வர்ற பின்களில் பெரும்பாலும் ரெசின் சாயம், அது வேற விஷயம்.) இதைச் சொன்னதும் மருமகளுக்குச் சூளை பார்க்கணும்னு ஆசை வந்துடுச்சு. தெரிஞ்சவர் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனேன். களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊத்துறது, அச்சு தண்ணியை உறிஞ்சினதும் மிச்சக் கூழைக் கவுக்கிறது, பிரிச்சு எடுத்துக் காய வைக்கிறது எல்லாம் வாயைப் பிளந்து பார்த்தா.

அப்புறம் விற்பனைக்கு வச்சிருந்த ஒரு வாத்தை எடுத்து, பழக்க தோஷம், கவுத்துப் பார்த்தா. "மாமா, இதுல பேரே இல்லையே?"

நாற்பது வருஷமா இந்தப் பொம்மைகளோட வாழறேன், ஒரு நாளும் எனக்குத் தோணலை. வீட்டுக்கு வந்து கொலுப் பெட்டியை இறக்கி ஒவ்வொண்ணா கவுத்துப் பார்த்தேன். ஒண்ணில்கூட ஊர் பேரோ செஞ்சவர் பேரோ இல்லை. ஜெர்மனியில் மாய்சன்னு ஒரு ஊர். 1710-ல் அங்கே பீங்கான் ஆலை தொடங்கினாங்க. கொஞ்ச வருஷத்திலேயே அடியில் ரெண்டு வாள் குறுக்கே போட்ட முத்திரை வைக்க ஆரம்பிச்சாங்க. முந்நூறு வருஷமா சேகரிக்கிறவங்க கவுத்துப் பார்த்துட்டுத்தான் விலை கேட்கிறாங்க. எங்க வாத்து சென்னை போகுது, பெங்களூர் போகுது. போன இடத்தில் எந்த ஊர்னு கேட்டா அதுக்குச் சொல்லத் தெரியாது. மலிவா ஒரு வெளிநாட்டுப் பொம்மையைப் பக்கத்தில் வச்சு இதுவும் விருத்தாசலம்னு சொன்னா, மறுக்க நம்மகிட்ட மச்சம் எங்கே?

பட்டறைக்காரரிடம் கேட்டேன். "யாரு தம்பி கவுத்துப் பாக்குறா? டஜன் என்ன விலைன்னுதான் கேக்குறாங்க"ன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. திருப்பிப் பார்க்கிற ஆள் இருந்தாத்தான் பேர் எழுத ஆள் வரும்.

ஆனா அவர் ஒரு காரியம் செஞ்சார். பாதி காஞ்ச பிள்ளையார் ஒண்ணை எடுத்து மருமக கையில் கொடுத்து, ஒரு ஊசியும் கொடுத்தார். அவ அடிப்பக்கம் 'விருத்தாசலம்'னு கீற ஆரம்பிச்சா, 'விரு'வோட இடம் முடிஞ்சிடுச்சு. ஊருக்குக் கிளம்பும் முன்னாடி அது வெந்து, கிளேஸ் ஏறி வந்தது. கீறல் பளபளன்னு அப்படியே இருந்தது.

டிஸ்னியில் அதை மாத்த முடியாது, உலோகம் இல்லையே. "பரவாயில்ல மாமா, இது நாடாவுக்கு இல்ல, வீட்டுக்கு"ன்னுட்டா.

இந்த நவராத்திரிக்கு விருத்தாசலம் பொம்மை வாங்கினீங்கன்னா, காசு கொடுக்கும் முன்னாடி ஒரு நிமிஷம் கடைக்காரர் பார்க்கிற மாதிரி கவுத்துப் பாருங்க. பேர் இல்லைன்னாலும் வாங்குங்க. ஆனா கவுத்துப் பாருங்க.