தமிழ்நாட்டில் மின்தொடர்களும் நிலவுரிமையும்

தமிழ்நாட்டில் காற்றாலை மற்றும் சூரிய மின்சாரத்தை நுகர்விடங்களுக்குக் கொண்டுசெல்லும் உயர் அழுத்த மின்தொடர்கள் தனியார் நிலங்களின் வழியே அமைக்கப்படுவது மத்திய அரசின் மின்சாரச் சட்டம், 2003 இன் கீழ் ஆகும். மின்சாரம் இந்திய அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் உள்ளதால் மாநிலமும் சட்டம் இயற்றலாம். எனினும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறையைத் தமிழ்நாடு பெரும்பாலும் கொள்கை அறிவிப்புகள், ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிமுறைகள் ஆகியவற்றின் மூலமாகவே நடத்தி வந்துள்ளது. 2012 ஆம் ஆண்டின் சூரிய ஆற்றல் கொள்கை 3000 மெகாவாட்டையும், 2019 ஆம் ஆண்டின் கொள்கை 9000 மெகாவாட்டையும் இலக்காகக் கொண்டன. மின்கோபுரம் நிற்கும் நிலத்தைப் பற்றிய கேள்விக்கு இவற்றில் விடை இல்லை.

பின்னணி

காற்றாலைகள் முப்பந்தல், கயத்தாறு போன்ற தென்பகுதிகளில் செறிந்துள்ளன. 2016 இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்த கமுதியும் தெற்கேயே உள்ளது. நுகர்வோ சென்னையிலும், காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதிகளிலும் மிகுதி. இடையில் இருப்பவை பெரும்பாலும் வேளாண் நிலங்கள்.

சட்ட நிலை

மின்சாரச் சட்டத்தின் 67 ஆம் பிரிவின் கீழ் வகுக்கப்பட்ட 2006 ஆம் ஆண்டு விதிகள் நில உரிமையாளரின் முன்னிசைவைக் கோருகின்றன. ஆனால் 164 ஆம் பிரிவின்படி அரசு ஆணையிட்டால், மின்தொடர் அமைக்கும் நிறுவனம் இந்தியத் தந்திச் சட்டம், 1885 இல் தந்தி அதிகாரிக்குள்ள அதிகாரங்களைப் பெறுகிறது. அப்போது முன்னிசைவு தேவையில்லை. உரிமையாளர் தடுத்தால் மாவட்ட ஆட்சியர் அனுமதி வழங்கலாம். இழப்பீட்டுத் தொகை குறித்த வழக்கை மாவட்ட நீதிபதி தீர்ப்பார். தந்திச் சேவை 2013 இல் நிறுத்தப்பட்டது. தந்திச் சட்டத்தை நீக்கிய தொலைத்தொடர்புச் சட்டம், 2023 கூட, மின்தொடர்களுக்காக அதன் மூன்றாம் பகுதியை விட்டுவைத்தது.

இம்முறையில் நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை. பட்டா உழவர் பெயரிலேயே நீடிக்கும். நிறுவனத்துக்குப் பயன்பாட்டு உரிமை மட்டுமே உண்டு. கம்பிகளுக்குக் கீழே நெல் பயிரிடலாம். தென்னை வளர்க்கவோ வீடு கட்டவோ இயலாது. நிலத்தின் விற்பனை மதிப்பும் குறைகிறது. பூசலின் வேர் இதுவே.

இழப்பீடு

பயிர், மரச் சேதத்துக்கு மட்டுமே இழப்பீடு என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. மத்திய மின்துறை அமைச்சகம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கோபுர அடிப்பரப்புக்கு நில மதிப்பில் 85 விழுக்காடும், கம்பிப் பாதைக்கு அதிகபட்சம் 15 விழுக்காடும் பரிந்துரைத்தது. 2024 சூனில் இவை முறையே 200, 30 விழுக்காடாக உயர்த்தப்பட்டன. 2025 இல் நகர்ப்புறக் கம்பிப் பாதைக்கான விகிதம் மேலும் உயர்ந்தது. ஊரகத்துக்கு 30 விழுக்காடே நீடித்தது. வழிகாட்டுதலை ஏற்பது மாநிலங்களைச் சார்ந்தது.

2018 இல் கொங்குப் பகுதி உழவர்கள் உயர்மின் கோபுரங்களுக்கு எதிராகப் போராடியபோது, சாலையோரம் நிலத்தடி வடமாகப் பதிக்குமாறு கோரினர். புகளூர்–திருச்சூர் மின்தொடர் கேரளத்தில் ஒரு பகுதி நிலத்தடி வடமாகவே அமைந்தது.

உள்ளாட்சியும் ஏரிகளும்

தந்திச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு ஒரு விலக்கைத் தருகிறது: உள்ளாட்சி அமைப்பின் உடைமையாக உள்ள இடத்தில் அதன் அனுமதி தேவை. ஏரிப்பாசனப் பகுதியான உத்திரமேரூர் போன்ற வட்டங்களில் இது கருதத்தக்கது. தமிழ்நாட்டில் 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டுடைய ஏரிகள் பொதுவாக ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ளன. ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததைக் கூறும் முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் (919, 921) இவ்வூரிலேயே உள்ளன. தனியார் வயலுக்கு இந்த விலக்குப் பொருந்தாது.