பேறுகாலச் செலவு யாருடையது?

தோழர்களே, 1928இல் பம்பாய் சட்டமன்றத்துக்கு ஆலைப் பெண்களின் மகப்பேற்று உதவி மசோதா வந்தது. ஆதரித்துப் பேசிய புரட்சியாளர் அம்பேத்கர், தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு நாட்டின் நலன், ஆகவே அந்தச் சுமையில் பெரும்பங்கை அரசே ஏற்க வேண்டும் என்றார். 1929இல் சட்டம் வந்தது. செலவு ஆலை முதலாளியோடு நின்றது.

1948இல் இ.எஸ்.ஐ. சட்டம். முதலாளியும் தொழிலாளியும் கட்டும் சந்தாவில் மருத்துவம். மின்விசையில் இயங்கி, 20 பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் தொழிற்சாலைகளுக்கே முதலில் பொருந்தியது. வயலில் நாற்று நட்ட நம் பாட்டிமாருக்குச் சம்பளப் பதிவேடு ஏது, சந்தா பிடிக்க? சேற்றில் நின்றவள் சட்டத்துக்கு வெளியே நின்றாள்.

சந்தா கட்டியவருக்கு உரிமை, கட்ட வழியற்றவருக்குச் சலுகை என்ற இந்தப் பிரிவினையை நாம் ஏற்கவில்லை. 1928இன் கோரிக்கையே இன்றும் நம் கோரிக்கை: செலவை அரசுக் கருவூலம் ஏற்கட்டும்.