காப்பகத்திலிருந்து ஆற்றுப்படுத்தலுக்கு: பேராத் தமிழரும் மனநலத் துணையும்

முன்னுரை

மலேசியத் தமிழரின் பேச்சுவழக்கில் பேரா மாநிலத்தின் இரண்டு ஊர்ப்பெயர்கள் ஊரைச் சுட்டுவதோடு நிற்பதில்லை. தைப்பிங்கை அடுத்த கமுந்திங் என்றால் தடுப்புக்காவல். ஈப்போவை அடுத்த தஞ்சோங் ரம்புத்தான் என்றால் பைத்தியம். 'கிலியான் பாரு' என்னும் ஈயச் சுரங்கக் குடியிருப்பாகத் தோன்றிய கமுந்திங், 1973இல் தடுப்பு முகாம் அமைந்தபின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் மறுபெயராயிற்று. 2007 டிசம்பரில் இண்ட்ராஃப் தலைவர்கள் ஐவர் அங்கு அடைக்கப்பட்டபோது அப்பெயர் தமிழரிடையே மேலும் ஆழப் பதிந்தது. 2012இல் சட்டம் நீக்கப்பட்டது. பெயரின் நிழல் நீங்கவில்லை. தஞ்சோங் ரம்புத்தானின் நிழல் அதனினும் பழையது. மனத்துயர் உற்றோர் துணைநாடத் தயங்குவதற்கு அறியாமையே காரணம் எனப் பலரும் கூறுவர். அத்தயக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு என்பதே இக்கட்டுரையில் நாம் முன்வைக்கும் கருத்தாகும்.

காப்பகக் காலம்

கூட்டு மலாய் மாநிலங்களுக்கான மனநோயர் காப்பகம் 1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் திறக்கப்பட்டது. பின்னாளில் மத்திய மனநோய் மருத்துவமனையாக விளங்கி, இன்று 'மகிழ்ச்சி' எனப் பொருள்படும் பஹாகியா என்னும் பெயர் தாங்கி நிற்பது அதுவே. ஆயிரக்கணக்கான நோயாளிகள் அங்கு வாழ்ந்தனர். பலர் ஊர் திரும்பாமலே மடிந்தனர்.

தோட்டத் தொழிலாளி கண்ட மருத்துவம் பெரும்பாலும் தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரசரும்தாம். காய்ச்சலும் காயமும் வேலைநாளைக் குறைத்தன; ஆகவே அவை ஏட்டில் ஏறின. துயரமும் உறக்கமின்மையும் ஏட்டில் ஏறவில்லை. ஒருவரது நடத்தை வேலைக்கும் லயத்து அமைதிக்கும் இடையூறானபோதே மனநலம் என்பது நிர்வாகத்தின் கண்ணில் பட்டது. அப்போது வந்தது மருத்துவர் அல்லர், காவலர். ஆக, மனத்தைப் பேணும் நவீன நிறுவனத்தோடு தோட்டத் தமிழருக்கு ஏற்பட்ட முதல் உறவு, பிறர் ஆணையால் கொண்டுசெல்லப்படும் உறவாகவே அமைந்தது.

அதற்கு மாறாக, தோட்டத்து முனீஸ்வரர் கோயிலுக்குத் தொழிலாளி தானே சென்றார். கயிறு கட்டுவதும் திருநீறு போடுவதும் கடும் மனநோய்க்கு மருந்தாகா. எனினும், "என்ன குறை?" என்று தம் மொழியில் கேட்டு, உற்றார் சூழ விடை பெற்ற இடம் அதுவொன்றே என்பதை நாம் எளிதாக ஒதுக்கிவிட இயலாது.

தோட்டம் கலைந்தபின்

1950களின் இறுதியில் தோட்டத் துண்டாடல் பெருகியது. அதனை எதிர்கொள்ளவே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1980, 1990களில் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியபோது, குடும்பங்கள் கமுந்திங் போன்ற தொழில் நகரங்களின் மலிவு வீடுகளுக்குப் பெயர்ந்தன. வேலையோடு வீடும், கோயிலும், பள்ளியும், துயரை விசாரிக்கும் அண்டை வீட்டாரும் ஒருசேரக் கைநழுவினர்.

இதன் விலையை ஆய்வுகள் சுட்டியுள்ளன. கேமரன் மலையில் நிகழ்ந்த தற்கொலைகள், தற்கொலை முயற்சிகள் பற்றி மனநல மருத்துவர் டி. மணியம் 1988இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியர் மிகுதியாகப் பாதிக்கப்பட்டதைக் காட்டியது. தேசியத் தற்கொலைப் பதிவேடு 2009ஆம் ஆண்டிற்கு 328 இறப்புகளைக் கணக்கிட்டது. நூறாயிரம் பேருக்கு 1.18 என்பது நாட்டு விகிதம். இந்தியரிடையே அஃது ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. தோட்டப்புறத்தில் எளிதிற் கிட்டிய பாராகுவாட் களைக்கொல்லி 2020இல்தான் முற்றாகத் தடைசெய்யப்பட்டது.

உயிர் பிழைத்தோர்க்கும் ஒரு காவல் காத்திருந்தது. தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலை முயற்சியை ஓராண்டுச் சிறைக்குரிய குற்றமாக்கியிருந்தது. துயரைச் சொன்னால் குற்றமாகும் என்னும் நிலையில் குடும்பங்கள் மறைத்ததில் வியப்பில்லை. இப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டது.

தாமே நாடிச் செல்லும் கதவு

ஆணையின்றித் தாமே சென்று பேசும் வாய்ப்பு மெல்லவே உருவாயிற்று. 1970இல் கோலாலம்பூரில் தன்னார்வலரால் இயங்கும் 'பிஃப்ரெண்டர்ஸ்' அமைப்பு தோன்றியது. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம், பதிவும் உரிமமும் பெற்றோரே ஆலோசகராகத் தொழில்புரியலாம் என வரையறுத்தது. 2001இல் இயற்றப்பெற்ற மனநலச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்து, 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. 2022இல் சுகாதார அமைச்சு 15555 என்னும் உதவித் தொலைபேசியைத் தொடங்கியது. அரசு சுகாதார நிலையத்தில் குடிமக்கள் ஒரு வெள்ளி கொடுத்து மருத்துவரிடம் மனக்குறையைச் சொல்லத் தொடங்கலாம்.

தேவையோ பெருகி வருகிறது. தேசியச் சுகாதார ஆய்வின்படி, மனச்சோர்வு நோயுற்ற பெரியவர்கள் 2019இல் 2.3 விழுக்காட்டினர், 2023இல் 4.6 விழுக்காட்டினர்.

ஆலோசனை என்பது அறிவுரை கூறுதல் அன்று. வந்தவர் தம் நினைவையும் உணர்வையும் செயலையும் தாமே பிரித்தறியத் துணைநிற்பதே அதன் பணி. கேட்டதைக் காப்பது அதன் அறம். இதற்கு மொழி இன்றியமையாதது. "நெஞ்சு அடைக்கிறது", "தலை கனக்கிறது", "மனசு விட்டுப்போச்சு" என்பன வெறும் உடற்குறிகள் அல்ல. இவற்றை மலாயிலோ ஆங்கிலத்திலோ பெயர்க்கும்போது நெஞ்சுவலிக்கும் தலைவலிக்கும் மருந்து கிடைக்கலாம். துயர் கேட்கப்படாமலே போகலாம்.

சொல்லும் பொறுப்பும்

யாழ்ப்பாணத்தில் போரின் நடுவே தமிழில் உளவளத்துணை வளர்ந்ததை இங்கு ஒப்புநோக்கலாம். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரத்தின் 'மனவடு' என்னும் நூலும், சாந்திகம் போன்ற நிறுவனங்களின் பயிற்சியும், சிற்றூர்ப் பணியாளரும் ஆசிரியரும் கையாளத்தக்க தமிழ்ச் சொற்களை உருவாக்கின. உளவளத்துணை, சீர்மியம், ஆற்றுப்படுத்தல் ஆகியவை இன்று நமக்குக் கிடைத்துள்ள சொற்கள்.

இவற்றுள் ஆற்றுப்படுத்தல் தமிழாசிரியர்க்குப் புதிதன்று. ஆறு என்பது வழி. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீள்பவன், வறுமையில் வாடி எதிர்வருபவனுக்குத் தான் சென்ற வழியைக் கூறுவதே அவற்றின் பொது அமைப்பு. அங்கே யாரும் யாரையும் இழுத்துச் செல்வதில்லை. சொன்ன வழியில் நடப்பவன் வந்தவனே. காப்பகத்திற்கும் ஆலோசனைக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக உணர்த்தும் சொல் அரிது.

முடிவுரை

தமிழ்ப்பள்ளிகளில் முழுநேர ஆலோசக ஆசிரியர் நியமனம் மாணவர் எண்ணிக்கையைச் சார்ந்துள்ளது. ஆதலின் சிறு பள்ளிகளில் குழந்தையின் வாட்டத்தை முதலில் காண்பவர் வகுப்பாசிரியரே. அவர் சிகிச்சையாளர் ஆகவேண்டியதில்லை. தஞ்சோங் ரம்புத்தான் என்னும் பெயர் வகுப்பறையில் கேலியாக ஒலிக்கும்போது தடுக்கலாம். பெற்றோர்க்கு அண்மைச் சுகாதார நிலையத்தைச் சுட்டலாம். முதல் முறை உடன் செல்லலாம். காவலர் கொண்டுபோன வழியை நூறாண்டு நினைவில் வைத்திருக்கும் சமூகத்திற்கு, தாமே நடந்துசெல்லும் வழியை அறிந்தோர் சொல்லித்தான் ஆகவேண்டும்.