தலையா, பேரா?

கருங்கல் சந்தையில் மாங்காய்களை எண்ணுகிறவர் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்கிறார். அவரே ஆட்களை எண்ணும்போது ‘ஒருத்தர், ரெண்டு பேரு, மூணு பேரு’ என்று மாறிவிடுகிறார். மனிதனுக்கென்று எண்ணிலும் ஒரு தனி மரியாதை!

ஒருவர், இருவர், மூவர், நால்வர் என்று பதின்மர் வரையிலும், அதற்கு மேலும் நம்மிடம் சொற்கள் உண்டு. இது நமக்கு மட்டும் வாய்த்த பெருமையன்று. அயர்லாந்தின் பழைய மொழியிலும் இரண்டு முதல் பத்து வரை ஆட்களை எண்ணத் தனிச் சொற்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் ஈறு ‘ஆண்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதைக்கொண்டே பெண்களையும் எண்ணுகிறார்கள். நமது ‘ஒருவர்’ இருபாலுக்கும் பொது என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. ஆள் ஒருவரானாலும் ‘வந்தார்’ என்று பன்மையில்தான் வருகிறார்.

849-ஆம் ஆண்டில் வேணாட்டிலே எழுதப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் ‘அறுநூற்றுவர்’ என்ற ஒரு குழுவினர் வருகிறார்கள். கடல் கடந்து வாணிபம் செய்த தமிழ் வணிகர் ‘ஐந்நூற்றுவர்’ எனப்பட்டனர். எண்ணே பட்டமாக நின்ற காலம் அது.

அந்த வேணாடுதான் பிற்காலத்தில் திருவிதாங்கூராக வளர்ந்தது. கருங்கல்லும் அதைச் சேர்ந்த ஊராக இருந்தது. அங்கே நாடார், ஈழவர் முதலிய சாதிகளில் 16 வயதிலிருந்து 60 வயது வரையுள்ள ஆண்கள் தலைவரி கட்ட வேண்டியிருந்தது. நிலமில்லாத பனையேறிக்கும் தலை இருந்ததல்லவா? சர்க்காருக்கு அது போதும். வரி கொடுக்கும் தலையை எண்ணினார்கள். அவன் மனைவியும் மக்களும் அந்தக் கணக்கில் வரவில்லை.

1865-இல் தலைவரி ஒழிந்தது. பத்தே ஆண்டுகளில், 1875-இல், முறையான முதல் குடிமதிப்பு நடந்தது. கிடைத்த தொகை 23,11,379. சாதிவாரியாகப் பிரித்துத்தான் எழுதினார்கள். ஆனாலும் தொட்டிலில் கிடந்த பெண் குழந்தைக்கும் அதில் ஓர் இடம் இருந்தது.

‘பேர்’ என்பது ‘பெயர்’ என்பதன் மரூஉ. மூன்று பேர் என்றால் மூன்று பெயர்கள். ஒவ்வொன்றையும் வைத்து அழைத்த ஒரு தாய் இருந்திருப்பாள். தலை என்றால் அந்தக் கவலை இல்லை. ஆட்டுக்கும் தலை உண்டு. ‘தலைக்கு இவ்வளவு’ என்று இன்றும் நாம் கூசாமல் சொல்கிறோம். எந்தச் சொல்லால் எண்ணுகிறோமோ அந்தச் சொல்லின்படியேதான் நடத்தவும் செய்கிறோம் என்பதற்கு இந்த நாட்டின் சரித்திரமே சாட்சி.