ராகலை ஏற்றத்துக்கு எந்தச் சில்லு? குறைந்த செலவில் ரேசிங் சைக்கிளின் சில்லை மாற்றுவோருக்கு

சில வாரங்களுக்கு முன்பு அக்காவின் மகன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கரும்பளபளப்பில், உள்ளங்கை அகலத்துக்கு ஆழமான ரிம் கொண்ட ஒரு சோடி சில்லுகள். எந்தக் கம்பனியின் பெயரும் அவற்றில் இல்லை. "மாமா, இது கார்பன். இதைப் போட்டா கந்தப்பளை ஏத்தத்துல என்னை யாரும் பிடிக்க ஏலாது. வாங்கட்டா?" என்று கேட்டிருந்தான்.

அவனிடம் இருப்பது இரண்டாம் கையாக வாங்கிய ஒரு பழைய ரேசிங் சைக்கிள். லீவு நாட்களில் மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்து சேர்த்த காசு கொஞ்சம் உண்டு. மீதியைத் தான் தருவதாக அக்கா சொல்லியிருக்கிறார். அக்கா ராகலையில் கொழுந்து பறிப்பவர். 2021இல் 1,000 ரூபாயாக இருந்த தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயானது. அந்தக் கணக்கில் மாதம் 25 பேர் விழுந்தால் அப்போது 33,750 ரூபாய் வந்தது. பெயர் பெற்ற கம்பனிகளின் ஆகக் குறைந்த விலைச் சில்லுச் சோடியே வெளிநாட்டு இணையக் கடைகளில் சுமார் 100 முதல் 150 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 30,000 முதல் 45,000 வரை வரும். அனுப்பும் செலவும் வரியும் தனி. ஒரு மாதக் கொழுந்து ஒரு சோடி சில்லாகிறது. அதனால் நான் உடனே பதில் சொல்லவில்லை. கேட்டும் படித்தும் கணக்குப் போட்டும் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் வேறு பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இது உதவலாம்.

எடை குறைந்தால் எவ்வளவு வேகம்?

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கு ஒரு காலத்தில் குறுகிய ரயில் பாதை இருந்தது. அதில் கந்தப்பளை நிலையம் 6,300 அடிக்கு மேலான உயரத்தில் இருந்தது. நுவரெலியாப் பக்கமிருந்து வந்தாலும் ராகலைப் பக்கமிருந்து வந்தாலும் கந்தப்பளைக்கு ஏறித்தான் ஆகவேண்டும். எனவே இங்கே சைக்கிள் ஓடும் எவருக்கும் முதலில் வரும் யோசனை, சில்லின் எடையைக் குறைக்கவேண்டும் என்பதுதான்.

கணக்கைப் பார்ப்போம். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, ஏறும் உயரம் 500 மீற்றர், காலின் வலு 180 வாட் என்று வைத்தால், ஏறி முடிக்கக் குறைந்தது 36 நிமிடம் வேண்டும். சில்லுகளில் 300 கிராம் குறைத்தால் மிச்சமாவது சுமார் 8 விநாடி. ஆரம்ப விலைச் சில்லுச் சோடி ஏறத்தாழ 1.9 கிலோ. அதைவிட 300 கிராம் குறைந்த அலுமினியச் சோடிக்கு இரண்டு மூன்று மடங்கு விலை கொடுக்கவேண்டும். ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தலை நிரப்பாமல் பாதியோடு கொண்டுபோனாலும் அதே அளவு எடை குறையும்.

சில்லில் குறையும் ஒரு கிராம் வேறு இடத்தில் குறையும் இரண்டு கிராமுக்குச் சமம் என்று சொல்வார்கள். வேகம் கூட்டும் கணத்தில் மட்டும் அதில் உண்மை இருக்கிறது. ஒரே வேகத்தில் நீண்ட ஏற்றம் ஏறும்போது சில்லின் எடையும் சட்டைப்பையில் இருக்கும் எடையும் ஒன்றுதான்.

ஏற்றம்தான் பிரச்சினை என்றால் பின் பல்சக்கரத்தை மாற்றுவது மலிவு, பலனும் கூட. பெரிய பல்சக்கரம் 25 பல்லிலிருந்து 32 பல்லானால், அதே வேகத்துக்கு மிதிக்க வேண்டிய விசை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். உங்கள் கியர் மாற்றி அத்தனை பல்லைத் தாங்குமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறக்கத்தில் என்ன நடக்கிறது?

ஏறியவர் இறங்கவும் வேண்டும். அதே 80 கிலோ 500 மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஒரு லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும். வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கும் எங்கள் பாதைகளில் பெரும்பங்கு ரிம்மில் சூடாக இறங்கும்.

அலுமினியம் அந்தச் சூட்டை விரைவாகப் பரப்பிக் காற்றில் விட்டுவிடும். கார்பன் ரிம்மோ இழைகளைப் பசையால் ஒட்டிச் செய்தது, சூடு பிரேக் பிடிக்கும் இடத்திலேயே தேங்கும். தரம் குறைந்த பசை இளகினால் ரிம்மின் ஓரம் விரியலாம், ரயர் கழன்று போகலாம். மழையில் கார்பன் ரிம்மில் பிரேக் பிடிப்பதும் தாமதம். வருடத்தில் பாதி நாள் மழையும் மூடுபனியுமாக இருக்கும் ஊரில் இது சின்ன விஷயமல்ல. ஆழமான ரிம்மைப் பக்கக் காற்றும் தள்ளும். சமதரையில் வேகமாக ஓடும் போட்டியாளருக்கு அதில் பயன் உண்டு, தேயிலை மலையின் வளைவில் இல்லை.

ரிம்மைக் கவ்வும் பிரேக் உள்ள சைக்கிளுக்குப் பெயர் தெரியாத மலிவு கார்பன் சில்லு வேண்டாம். இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் அது இதுவாக இருக்கட்டும். டிஸ்க் பிரேக் என்றால் சூடு ரிம்முக்குப் போகாது, அது வேறு கதை.

கம்பி எத்தனை?

இதை நான் விழுந்து படித்தேன். சில வருடங்களுக்கு முன் பின்பக்கம் 20 கம்பி மட்டுமே உள்ள ஒரு சில்லு வாங்கியிருந்தேன். கந்தப்பளையிலிருந்து ராகலைக்கு இறங்கும்போது ஒரு குழியில் இறங்கியதில் ஒரு கம்பி அறுந்தது. சில்லு நெளிந்து பிரேக்கில் இறுகியது. நான் கானுக்குள் கிடந்தேன். மணிக்கட்டில் வெடிப்பு. உருள மறுத்த சைக்கிளை அன்று தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அப்போது கிளிநொச்சியிலிருந்து போன் எடுத்த பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "கம்பி எத்தனை?" என்பதுதான்.

1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அங்கே சைக்கிள் திருத்தும் வேலை பழகினார். பெற்றோல் கிடைக்காத அந்தக் காலத்தில் வன்னியில் சைக்கிள்தான் எல்லாம். விறகு, நெல்மூட்டை, நோயாளி எல்லாமே அதில்தான் போனது. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை அவரும் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். வழியில் முதலில் கைவிடப்பட்டவை சில்லு நெளிந்த சைக்கிள்கள்தான் என்பார். "சில்லு சுத்தினா அது சைக்கிள். சுத்தாட்டி நீதான் அதைச் சுமக்கணும்." அவருடைய சைக்கிளும் கடைசியில் அங்கேயே நின்றுவிட்டது.

அவர் சொன்ன கணக்கு எளிது. 32 கம்பியில் ஒன்று அறுந்தால் சில்லு கொஞ்சம் ஆடும், வீடு வந்து சேரலாம். 20 கம்பியில் ஒன்று அறுந்தால் மிச்சமுள்ளவை தாங்காது. பெரும்பாலும் அறுவது பின் சில்லில் பல்சக்கரப் பக்கக் கம்பிதான். அந்தப் பக்கம் இழுவை கூட. தட்டையான, வளைவில்லாத விசேஷக் கம்பிகள் பார்க்க அழகு. ஆனால் ஒன்று அறுந்தால் அதே அளவை வெளியூரில் தேடவேண்டும். நுனி வளைந்த சாதாரண துருப்பிடிக்காத கம்பியை எந்தச் சைக்கிள் கடையிலும் கேட்கலாம். கம்பியைப் பிடிக்கும் நிப்பிள் அலுமினியத்தில் இருப்பதைவிடப் பித்தளையில் இருப்பது மழைக்கு நல்லது.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சில்லு சைக்கிளுக்குப் பொருந்தாவிட்டால் காசு வீண். இந்த நான்கையும் கடதாசியில் குறித்துக்கொள்ளுங்கள்.

ரிம் அளவு: ரயரின் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். 25-622 அல்லது 700×25சி என்றிருந்தால் உங்களுக்கு வேண்டியது 622 ரிம். பழைய 27 அங்குல ரேசிங் சைக்கிளின் அளவு 630. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், ஒன்றின் ரயர் மற்றதில் ஏறாது. 28×1½ என்ற பெரிய சைக்கிள் சில்லு 635.

அச்சு அகலம்: ரிம் பிரேக் உள்ள சைக்கிள்களில் முன்பக்கம் 100 மில்லிமீற்றர், பின்பக்கம் பெரும்பாலும் 130. பழைய இரும்புச் சட்டங்களில் பின்பக்கம் 126 இருக்கலாம். டிஸ்க் பிரேக்குக்கு 135 அல்லது 142.

பல்சக்கரம்: 7 பல்சக்கரம் அல்லது அதற்குக் குறைவு என்றால் அது ஹப்பில் முறுக்கிப் பூட்டும் பிரீவீலாக இருக்கலாம். புதிய சில்லுகளில் வருவது செருகிப் பூட்டும் கெசட். அப்படியானால் கெசட்டும் சேர்த்து வாங்கவேண்டிவரும். ஷிமானோவின் 11 கியர் ஹப்பில் 8, 9, 10 கியர் கெசட்டைப் போட 1.85 மில்லிமீற்றர் வளையம் ஒன்று வேண்டும்.

ரிம்மின் உள்ளகலம்: 17 முதல் 19 மில்லிமீற்றர் என்றால் 25, 28 ரயர்கள் நன்றாக அமரும்.

கையில் இருக்கும் காசுக்கு ஏற்ப

காசு மிகக் குறைவு என்றால் சில்லை மாற்றவேண்டாம். இருக்கும் சில்லின் நெளிவை எடுத்து, ஹப்பைக் கழுவிக் கிறீஸ் போட்டு, நல்ல ரயரும் பிரேக் கட்டையும் வாங்குங்கள். சட்டத்திலும் பிரேக்கிலும் இடமிருந்தால் 28 ரயர் போட்டுக் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள். உடைந்த தோட்டப் பாதையில் இதைவிடப் பெரிய மாற்றத்தை எந்தச் சில்லும் தராது.

நடுத்தரமாக இருந்தால், நல்ல நிலையில் உள்ள உங்கள் பழைய ஹப்பையே வைத்து, புதிய இரட்டைச் சுவர் அலுமினிய ரிம்மும் புதிய கம்பிகளும் போட்டுக் கட்டலாம். ரிம்மில் உள்ள துளைகளின் எண்ணிக்கை ஹப்பில் உள்ளதோடு ஒத்திருக்கவேண்டும். கட்டுபவர் கைதேர்ந்தவராக இருப்பது பொருளைவிட முக்கியம். கட்டி முடிந்ததும் ஒரே பக்கக் கம்பிகளை விரலால் தட்டிப் பாருங்கள், ஒரே சத்தம் வரவேண்டும். 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி கொண்டுபோய்ச் சரிபார்க்கவேண்டும்.

காசு கூட இருந்தால் ஷிமானோ, மேவிக், ஃபுல்க்ரம் போன்றவற்றின் ஆரம்ப நிலை அலுமினியச் சோடி போதும். அவற்றிலும் கம்பி கூடியதைத் தெரிவுசெய்யுங்கள்.

இரண்டாம் கையாக வாங்குவோர் ரிம்மின் பக்கவாட்டில் அடிமட்டத்தை நேராக வைத்துப் பாருங்கள். நடுவில் குழிந்திருந்தால் பிரேக் தின்ற ரிம் அது, விடுங்கள். கம்பித் துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, அச்சை ஆட்டினால் ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

எந்தச் சில்லானாலும் இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன் பலமாகப் பிடித்து, பிறகு விட்டு, ரிம்மை ஆறவிடுங்கள்.

அக்காவின் மகனுக்கு இவ்வளவையும் சொன்னேன். இரண்டு நாள் அவன் பேசவில்லை. மூன்றாம் நாள் தன் ஹப்பின் படத்தை அனுப்பினான், 32 துளை. ரிம்மும் கம்பியும் வாங்கியாயிற்று. பாடசாலை லீவுக்குக் கிளிநொச்சி போய்ப் பெரியப்பாவின் பக்கத்தில் இருந்து அவனே கட்டப்போகிறான். மிச்சக் காசை அக்காவிடம் கொடுத்துவிட்டானாம். ஒரு ஹெல்மெட் வாங்க மட்டும் கொஞ்சம் வைத்திருக்கிறான்.