வேதாளைக் கரையில் நின்றவர்



இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் செல்லும் வழியில் வேதாளையை நம்மில் பலர் பேருந்தில் கடந்திருப்போம். 1549-ஆம் ஆண்டு அங்கே அந்தோனி கிரிமினாலி என்னும் இத்தாலிய இயேசு சபைக் குரு ஈட்டிகளால் குத்தப்பட்டு மரித்தார். வடுகப் படை பாய்ந்து வந்தபோது, கரையோரத்துக் கிறிஸ்தவர்களைப் படகுகளில் ஏற்றி அனுப்புவதிலேயே கருத்தாயிருந்து, தாம் ஏறாமல் நின்றுவிட்டார்.

அப்போது லுத்தர் மரித்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. விசுவாசத்தினால் மாத்திரமே மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்னும் போதகத்தைத் திரெந்து சங்கம் 1547-இல் தள்ளியிருந்தது. ஐரோப்பியத் திருச்சபை பிளந்துகொண்டிருந்தது. நமது சீர்திருத்த மார்க்கமோ, 1706-இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பின்னரே தமிழ்க் கரையில் வேர்கொண்டது.

வேற்றுமைகள் அற்பமானவை என்று நான் சொல்லவில்லை. போப்பரசரின் அதிகாரத்தை நாம் ஏற்பதில்லை. பரிசுத்தவான்களை நோக்கி வேண்டுவதில்லை. ஞானஸ்நானம், திருவிருந்து என இரண்டு சாக்கிரமெந்துகள் நமக்கு, அவர்களுக்கு ஏழு. நம் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், அவர்களுடையதில் 73. ஆயினும் 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தை மொழிபெயர்க்க இரு திறத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்தனர்.

இறையியல் கல்லூரியில் சபைச் சரித்திரம் படித்த நாட்களில் விட்டன்பர்க் எனக்கு மனப்பாடம். பக்கத்திலிருக்கும் வேதாளையை அறியேன். பிற்பாடு அறிந்தும், இத்தனை வருஷ ஊழியத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒருமுறையாவது சொன்னேனில்லை. அவர் "அவர்களுடைய" குருவானவர் என்று எண்ணியதாலேயே.

வருகிற ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் அந்தச் சரித்திரத்தையே சொல்லப்போகிறேன்.