நாலு விடைக்குள் வந்த நோயாளி

கம்மாபுரம் பக்கம் நடவு வேலைக்குப் போய்க் காய்ச்சலில் விழுந்த ஒருவர் டாக்டரிடம் என்ன சொல்வார்? “மூணு நாளா காய்ச்சல், கெண்டைக்கால் கடுக்குது” என்பார். கண் சிவந்திருப்பதைச் சொல்ல மாட்டார். சேற்றில் நின்றதையும் சொல்லத் தோன்றாது. தேர்வுத்தாளிலோ எல்லாம் ஒரே பத்தியில் வந்துவிடும்: வயல்வேலை, காய்ச்சல், கெண்டைக்கால் வலி, சிவந்த கண். கீழே நாலு விடைகள். எலிக்காய்ச்சல் என்பதைத் தேர்ந்தெடுத்தால் மதிப்பெண்.

மருத்துவத் தேர்வு எப்போதும் இப்படி இருந்ததில்லை. அமெரிக்காவின் தேசிய மருத்துவத் தேர்வு வாரியம் 1916இல் நடத்திய முதல் தேர்வில், எழுதுவதோடு நோயாளியின் கட்டிலருகே நின்றும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வந்த 10 பேரில் 5 பேரே தேறினார்கள். 1950களில் அதே வாரியம் கட்டுரை விடைகளைக் கைவிட்டுக் கொள்குறி வினாக்களுக்கு மாறியது.

அந்த முறை இங்கும் வேரூன்றிவிட்டது. சிதம்பரத்தில் 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று கடலூர் அரசு மருத்துவக் கல்லூரியாக இருக்கும் இடத்தில் எம்.பி.பி.எஸ். முடிப்பவரும் மேற்படிப்புக்குப் பெரும்பாலும் நீட் முதுநிலைத் தேர்வைத்தான் எழுத வேண்டும். 200 கேள்விகள், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறினால் 1 போய்விடும்.

இந்தக் கேள்விகளையே கணினிக்கும் வைத்தவர்கள் சென்னையில் இருந்தார்கள். சாமா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எய்ம்ஸ், நீட் முதுநிலை நுழைவுத் தேர்வு வினாக்கள் 1,94,000க்கு மேல் திரட்டி, ‘மெட்எம்சிக்யூஏ’ என்ற பெயரில் 2022இல் வெளியிட்டார்கள். மொத்தம் 21 பாடங்கள். அவற்றில் கூகுளின் மொழி மாதிரி அந்த ஆண்டின் இறுதியில் 57.6 சதவீதம் எடுத்தது. 2023இல் வந்த, அதே கூகுளின் மெட்-பாம் 2, 72.3 சதவீதத்தைத் தொட்டது. அசர வைக்கும் வேகம்தான்.

ஆனால் 2025இல் வெளியான ஆக்ஸ்போர்டு ஆய்வு வேறொன்றையும் காட்டியது. நோய் விவரம் முழுதாகக் கிடைத்தபோது சாட்பாட்கள் 94.9 சதவீதம் நோயைச் சரியாகக் கண்டன. அதே சாட்பாட்களிடம் பேசிக் கேட்ட பொதுமக்கள் நோயைச் சரியாகக் கண்டது 34.5 சதவீதத்துக்கும் குறைவாகவே. பலர் தேவையான விவரத்தை முழுதாகச் சொல்லவே இல்லை.

எம்.டி. இறுதித் தேர்வில் ‘லாங் கேஸ்’ இன்றும் இருக்கிறது. மாணவர் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பேச்சைக் கேட்டு, கை வைத்துப் பார்த்து, பிறகு தேர்வாளர்முன் சொல்ல வேண்டும். “என்ன வேலைங்க பாக்குறீங்க?” என்று அங்கே மாணவர்தான் கேட்டாக வேண்டும்.